ஷண்டிங் என்கிற பூனை

பெயர் வைத்தது நான் இல்லை, எதிர்வீட்டு சார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில் பேப்பர் வந்ததிலிருந்து மாலை விளக்கு ஏற்றும் வரை திண்ணையில் உட்கார்ந்து தெருவை மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை. நான் ஓலாவிலிருந்து இறங்கி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை வாசல்படியில் வைத்துத் திறந்தபோது அவர்தான் முதலில் பார்த்தார். உள்ளேயிருந்து சாம்பல் நிறக் குட்டி ஒன்று வெளியே வந்தது. நாலு எட்டு முன்னால் வைத்தது, ரெண்டு எட்டு பின்னால் போனது, இடப்பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி முன்னால் வந்தது.

"என்ன தம்பி, வண்டி ஷண்டிங் அடிக்குது?" என்றார். அன்றிலிருந்து அதற்கு ஷண்டிங் என்றே பெயர் ஆயிற்று.

தெருப் பிள்ளைகள் இன்னொரு பெயர் வைத்துப் பார்த்தார்கள்: சரக்குப் பூனை. ரயில்வே காலனி ஆயிற்றே, கூட்ஸ் வண்டியைச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் சொன்னது டாஸ்மாக் சரக்கை. கேலியாகச் சொன்னாலும் அதில் அறிவியல் பிழை ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

குட்டி வந்தது திருச்சியில் தெருப் பிராணிகளை மீட்டு வைத்திருக்கும் ஒரு சின்ன காப்பகத்திலிருந்து. ஒரே ஈற்றில் நாலு குட்டிகள். மூன்றைப் பத்து நாளில் ஆள்கள் எடுத்துப் போய்விட்டார்கள். இது மட்டும் மீந்தது. "இதுக்கு ஸ்பெஷல் நீட்ஸ் சார், யோசிச்சு எடுங்க" என்று அங்கிருந்த பெண் சொன்னார். என்ன நீட்ஸ் என்று கேட்டதற்கு, "விழும், நாம எடுத்து நிறுத்தக் கூடாது, அதுவே எழுந்துக்கும்" என்றார். இத்தனை துல்லியமான ஒரு குறிப்பை அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடமும் நான் கேட்கவில்லை. முதலில் காட்டிய இடத்தில் ஒரு வைட்டமின் ஊசி போட்டுவிட்டு, "நரம்புத் தளர்ச்சி, தேறாது, கஷ்டப்படுத்தாதீங்க" என்றார்கள். கஷ்டப்படுத்தாதீர்கள் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஊசியைத் தொடவே இல்லை. குட்டியைத் தரையில் விட்டுவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தார். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இப்படியா, நடுவில் வந்ததா என்று கேட்டார். நாளுக்கு நாள் கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா என்றார். தூங்கும்போது ஆட்டம் உண்டா என்றார். முதல் நாளிலிருந்தே, அப்படியே இருக்கிறது, தூக்கத்தில் துளி அசைவு இல்லை. "அப்போ சிறுமூளை. பிறக்கும்போதே சின்னதா இருந்திருக்கும். இதுக்கு மருந்தும் இல்லை, இது நோயும் இல்லை" என்றார்.

நோய் இல்லை என்ற அந்தச் சொல்லைத்தான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன்.

ஷண்டிங் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். சும்மா நிற்கும்போது தலை லேசாகத்தான் ஆடும். தட்டை நோக்கிக் குனியத் தொடங்கியதும் ஆட்டம் கூடும். மூக்கு சோற்றை நெருங்க நெருங்க, தையல் மெஷின் ஊசி மாதிரி தலை மேலும் கீழும் அடிக்கும். ஒரு முறை தட்டைத் தாண்டித் தரையில் மூக்கு இடிக்கும், அடுத்த முறை சோற்றுக்கு ஒரு அங்குலம் மேலேயே வாய் மூடிக்கொள்ளும். மூன்றாம் முறை பிடித்துவிடும். பிடித்த மீன் துண்டோடு பின்னால் சாய்ந்து உட்கார்ந்ததும் ஆட்டம் நின்றுபோகும். தேவை வரும்போது கூடி, தேவை தீர்ந்ததும் அடங்குகிற நடுக்கம். கை கால்களில் பலம் இல்லாத பிராணி இப்படி ஆடாது. பலம் இருக்கிறது, அதை எங்கே நிறுத்துவது என்ற கணக்குத்தான் இல்லை.

இந்தக் கணக்கைப் பொன்மலைக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ரயிலின் டிரைவர், பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிரேக் போட்டால் என்ன ஆகும்? வண்டி ஸ்டேஷனைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். அவ்வளவு எடையை நிறுத்த ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். ஆகவே டிரைவர் தெரிவதை வைத்து ஓட்டுவதில்லை, தெரியப்போவதை வைத்து ஓட்டுகிறார். இன்ன வேகம், இன்ன எடை, இன்ன இறக்கம், ஆகவே இந்தக் கம்பத்தருகே கையை வைக்க வேண்டும் என்ற முன்கணிப்பு அவருக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும்.

உடம்புக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. பாதம் தரையைத் தொட்ட செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போய், மூளை யோசித்து, உத்தரவு திரும்பிவருவதற்குள் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரை கழிந்துவிடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஓடுகிற பூனையின் கால் அதற்குள் எங்கேயோ போயிருக்கும். செய்தி வந்த பிறகு திருத்தினால் திருத்தம் எப்போதும் தாமதம். தாமதமான திருத்தத்தைத் திருத்த இன்னொரு திருத்தம். மேலே, கீழே, மேலே, கீழே. ஷண்டிங்கின் தலை ஆடுவது இதனால்தான். மற்ற பூனைகளிடம் இது தெரியாததற்குக் காரணம், தலையின் பின்பக்கம் பிடரிக்குச் சற்று மேலே இருக்கிற சிறுமூளை, கால் எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, பிரேக்கைச் சரியான கம்பத்தருகே போட்டுவிடுகிறது.

சாராயம் முதலில் தடுமாற வைக்கும் பகுதிகளில் சிறுமூளையும் ஒன்று. காலை அகட்டி வைத்து நடப்பது, விரலை மூக்கில் வைக்கச் சொன்னால் கன்னத்தில் வைப்பது எல்லாம் கணக்குப் பிசகின் அடையாளங்கள். குடித்தவனுக்கு விடிந்தால் தெளிந்துவிடும். ஷண்டிங்குக்கு விடிந்தாலும் அதே நடைதான். மற்றபடி எங்கள் தெருப் பிள்ளைகளின் நோயறிதல் சரி.

1824இல் பிரான்சில் பியர் ஃபுளோரான்ஸ் என்பவர் புறாக்களின் சிறுமூளையை அகற்றிப் பார்த்தார். புறாக்கள் செயலற்றுப் போகவில்லை. பார்த்தன, கேட்டன, நகர முயன்றன. ஆனால் அசைவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அசைக்கிற இடம் வேறு, அசைவை ஒழுங்கு செய்கிற இடம் வேறு என்பது அப்போது தெளிவாயிற்று. அந்தப் புறாக்களை நினைத்தால் இன்று எனக்கு வயிற்றைப் பிசைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிறுமூளை என்று பெயர் வைத்தவர்கள் அளவைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். மனிதனுக்கு மூளையின் எடையில் அது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் நம் மூளையில் இருக்கும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலானவை கிரானுல் செல்கள் எனப்படும் பொடிசுகள். அவற்றின் நுண்ணிய கம்பிகள் மேலே ஏறிப்போய், விசிறி மாதிரி கிளை விரித்து நிற்கும் புர்கின்ஜி செல்களோடு இணைகின்றன. ஒரே ஒரு புர்கின்ஜி செல்லுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். இத்தனை பேர் சொல்வதையும் கேட்டு அது கடைசியில் சொல்வது பெரும்பாலும் ஒரே செய்திதான்: கொஞ்சம் அடக்கு.

பூனையின் சிறுமூளைக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. குட்டி பிறக்கும்போது அது கட்டி முடிந்திருக்காது. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் தயாராகிவிட்ட பிறகும், சிறுமூளையின் மேற்பரப்பில் ஒரு அடுக்குச் செல்கள் பிறந்து சில வாரங்கள் வரை பிரிந்து பிரிந்து பெருகி, உள்ளே இறங்கி, கிரானுல் செல்களாக இடம் பிடித்துக்கொண்டிருக்கும். கண் திறக்காத குட்டியின் தலைக்குள் கட்டட வேலை இரவு பகலாக நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக அந்த நேரத்தில் வருகிறது வைரஸ்.

பூனைப் பார்வோ என்று பேச்சில் சொல்கிறோம். பேன்லுகோபீனியா என்பது புத்தகப் பெயர். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. தன்னைப் பிரதியெடுத்துக்கொள்ளத் தேவையான இயந்திரத்தைக்கூட அது கையோடு கொண்டுவருவதில்லை. எதிர்வீட்டு சாரிடம் இதை இப்படிச் சொன்னேன்: "சொந்தமா லேத் இல்லாத ஆள் சார். ஒர்க்ஷாப்ல ஷிஃப்ட் ஓடிக்கிட்டு இருக்கும்போது உள்ள பூந்து, அங்க இருக்குற லேத்துலயே தன் சாமானக் கடைஞ்சுக்கும். லீவு நாள்ல வந்தா அதால ஒண்ணும் பண்ண முடியாது." அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ ஓவர்டைம் ஓடுற செக்‌ஷன்தான் மொதல்ல காலியாகும்."

ஆம். பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் மட்டுமே அந்த வைரஸ் பெருகும். வளர்ந்த பூனையின் உடம்பில் ஓவர்டைம் ஓடும் இடங்கள் குடலின் உள்வரியும் எலும்பு மஜ்ஜையும். ஆகவே அதற்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் சரிவு. பேன்லுகோபீனியா என்ற பெயரே வெள்ளணுப் பஞ்சத்தைத்தான் குறிக்கிறது. கர்ப்பப் பூனைக்குத் தொற்றினால், தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே போகலாம். வைரஸ் நஞ்சுக்கொடி தாண்டிக் குட்டியிடம் போய், ஓவர்டைம் எங்கே என்று தேடும். கருவின் தொடக்கத்தில் போனால் கரு கலைந்துவிடும். கடைசி வாரங்களில் போனால், அல்லது பிறந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் போனால், சிறுமூளையின் மேலடுக்கு கிடைக்கும். அங்கே கட்டட ஆள்கள் செத்துப்போனால் கட்டடம் பாதியில் நின்றுவிடும். பிறகு வைரஸ் போய்விடும், பாதிக் கட்டடம் அப்படியே இருக்கும். பெருமூளை அநேகமாகத் தப்பிவிடுகிறது. அதனால்தான் ஷண்டிங் ஆளை அடையாளம் தெரிந்துகொள்கிறது, கோபித்துக்கொள்கிறது, ஃபிரிட்ஜ் கதவுச் சத்தத்துக்கும் பீரோ கதவுச் சத்தத்துக்கும் வித்தியாசம் காட்டுகிறது.

இதில்தான் மருத்துவர் சொன்ன "நோய் இல்லை" என்பதன் பொருள் இருக்கிறது. நோய் என்றால் நடந்துகொண்டிருப்பது. இது நடந்து முடிந்துவிட்ட ஒன்று. தீயணைந்த வீட்டுக்குத் தண்ணீர் வண்டி வேண்டாம். மிச்சமிருக்கிற அறைகளில் எப்படிக் குடியிருப்பது என்று பார்க்க வேண்டும். வலி கிடையாது. கூடவும் கூடாது. ஓரளவு பாதிப்புள்ள பூனைகள் மற்ற பூனைகளைப் போலவே முழு ஆயுசும் வாழ்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்த மற்ற மூன்று குட்டிகள் நேராக நடந்ததிலும் மர்மமில்லை; வைரஸ் எல்லாக் குட்டிகளையும் ஒரே அளவில் தொடுவதில்லை.

இவ்வளவும் தெரியவர எத்தனை காலம் பிடித்தது என்பது தனிக் கதை. 1888இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறிக்கையில் ஹெரிங்ஹாம், ஆண்ட்ரூஸ் என்ற இரு மருத்துவர்கள் தள்ளாடி நடந்த இரண்டு பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிறுமூளை சிறுத்திருந்ததைக் கண்டார்கள். காரணம் சொல்ல வழியில்லை. வைரஸ் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. பரம்பரைக் கோளாறு என்ற எண்ணம் வெகு காலம் நீடித்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை பொன்மலைக்கு இடம் மாறி வந்த அதே 1928இல், பூனைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வயிற்றுப்போக்குக்கு வைரஸ் காரணம் என்று பிரான்சில் காட்டினார்கள். ஆனால் அந்த வயிற்றுப்போக்கையும் இந்தத் தள்ளாட்டத்தையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. கில்ஹாம், மார்கோலிஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1966இல் அந்த முடிச்சைப் போட்டார்கள். முதல் கட்டுரைக்கும் இதற்கும் நடுவே 78 வருஷம்.

அந்த 1888 ஆண்ட்ரூஸுக்கு கிறிஸ்டபர் என்று ஒரு மகன். அவரும் மருத்துவ ஆய்வுக்கு வந்தார். 1933இல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் வில்சன் ஸ்மித், லெய்ட்லா ஆகியோருடன் சேர்ந்து மனிதரின் ஃப்ளூ காய்ச்சலுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று நிறுவினார். அதற்குக் கைகொடுத்தது ஃபெரெட் என்ற பிராணி. நம் ஊர்க் கண்ணுக்குக் கீரிப்பிள்ளை மாதிரி தெரியும். உண்மையில் காவிரியில் இருக்கும் நீர்நாயின் குடும்பம். ஃப்ளூ நோயாளிகளின் தொண்டை கொப்பளித்த நீரை மூக்கில் விட்டால், மனிதரைப் போலவே ஃபெரெட்டும் சளி பிடித்துத் தும்மும். அதற்கு முன்பே நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் நோய்க்குத் தடுப்பூசி செய்யவும் லெய்ட்லாவின் குழு ஃபெரெட்டுகளைத்தான் நம்பியிருந்தது. இன்று மேலைநாடுகளில் அட்ரினல் சுரப்பிக் கோளாறு, கணையக் கட்டி, காது கேளாமை என்று குறைகளோடு காப்பகத்துக்கு வருகிற ஃபெரெட்டுகளைத் தேடிப்போய் எடுத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்ட கடனில் கொஞ்சம் திரும்பிப் போகிறது என்று எனக்குத் தோன்றும். அப்பன் பூனையைப் பார்த்தான், பிள்ளை ஃபெரெட்டைப் பார்த்தான். என் வீட்டுக்கு வந்தது அப்பன் பக்கத்துக் கிளை.

எல்லாத் தள்ளாட்டமும் சிறுமூளை இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்று வரை நேராக நடந்த பூனை இன்று திடீரென்று தடுமாறினால் விஷமாக இருக்கலாம், அடிபட்டிருக்கலாம், ரேபிஸாகவும் இருக்கலாம். வெறும் கையால் தூக்கக் கூடாது. கடித்தாலோ பிராண்டினாலோ பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். தலை ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கமாக வட்டமடித்தால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு வைத்தியம் உண்டு. நடக்கத் தொடங்கிய நாள் முதல் இருந்து, கூடாமல் குறையாமல், தூக்கத்தில் மறைகிற ஆட்டம்தான் ஷண்டிங் வகை.

சரி, மிச்ச அறைகளில் குடியிருப்பது எப்படி? முதல் வாரம் நான் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம்தான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூடம் மொசைக். துடைத்து வைத்தால் முகம் தெரியும். அதில் ஷண்டிங் நாலு எட்டுக்கு ஒரு முறை விழும். பின்கட்டில் பழைய சிமெண்டுத் தரை, சொரசொரப்பு. அங்கே பத்து எட்டுக்கு ஒரு முறை. பொன்மலைச் சந்தையிலிருந்து தேங்காய் நார் மிதியடிகளை வாங்கிவந்து, கூடத்தின் குறுக்கே ரயில் பாதை மாதிரி ஒரு வரிசை போட்டேன். அதில் ஏறி நடந்தால் சில நாள் விழாமலே அடுக்களை வரை போய்விடுகிறது. மூளையில் ஒன்றும் மாறவில்லை. நகம் மாட்டிக்கொள்ள ஒரு பிடி கிடைத்தது, கணக்குப் பிசகினாலும் கால் வழுக்கவில்லை. பாதி ஊனம் பூனையிடம் இருந்தது என்றால் மீதி என் மொசைக்கில் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக. சுவரோரமாக நடக்க அதுவே கற்றுக்கொண்டது. தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு போகும். ஆகவே சுவரோரம் இருந்த குடம், செருப்பு, கேஸ் சிலிண்டர் எல்லாம் இடம் மாறின. மல ஜலத்துக்கு மணல் வைக்கிற பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தை ஆக்ஸா பிளேடால் தாழ்வாக அறுத்தேன், மற்ற மூன்று பக்கமும் சாய்ந்துகொள்ள உயரமாகவே விட்டேன். தண்ணீர்க் கிண்ணம் கவிழும் என்பதால் கனமான கல்சட்டி. ஏறுவதை ஆசையாக ஏறும், இறங்கத்தான் தெரியாது. மொட்டை மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள், வாசல் கேட்டுக்கு வலை. தெருநாய் வந்தால் ஓடிப்போய் மதிலேறித் தப்பிக்க இதனால் முடியாது. சித்திரை வெயிலில் நிழல் தேடிப் போகவும் நேரமாகும் என்பதால் பகலில் கூடத்தை விட்டு வெளியே விடுவதில்லை. ஆறாவது மாதம் கருத்தடை ஆயிற்று. அதற்கு முன்பே தடுப்பூசிகள். சிறுமூளை போனது போனதுதான், ஆனால் அதே வைரஸ் மறுபடி வந்தால் இம்முறை குடலைப் பிடிக்கும்; பூனைகள் இருந்த இடத்தில் அது ஒரு வருஷம்கூட உயிர்ப்போடு கிடக்கக்கூடியது. பினாயிலுக்கு அசையாது, ப்ளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். இன்னொன்று, கர்ப்பப் பூனைக்கு உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி போடக் கூடாது. அந்த ஊசியே வயிற்றுக் குட்டிக்கு இதே வேலையைச் செய்துவிடும்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கும் ஸ்ரீரங்கத்து அத்தைக்கும் ஒரு சண்டையே வந்தது. அத்தை வீட்டுக் கொல்லையில் தலைமுறை தலைமுறையாகப் பூனைகள். எல்லாம் தயிர் சாதத்தில் வளர்ந்தவை. "எங்காத்துப் பூனையெல்லாம் மீனக் கண்ணால பாத்ததில்லடா, பதினாலு வயசு இருந்துது ஒண்ணு. நீ என்னமோ இதுக்கு மட்டும் மீன் அவிச்சுப் போடறேங்கறியே" என்றார்.

பதினாலு வயது இருந்தது உண்மைதான். ஆனால் அத்தைக்குத் தெரியாத இரண்டாவது சமையலறை ஒன்று அந்தப் பூனைகளுக்கு இருந்தது. எலி, பல்லி, ஓணான், கொல்லையில் இறங்கும் குருவி. டாரின் என்ற ஒரு பொருள் பூனைக்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டும். அதன் உடம்பு போதிய அளவு தயாரித்துக்கொள்ளாது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, அரிசியில் இல்லை. டாரின் இல்லாவிட்டால் விழித்திரை கெடும் என்று 1975இலும், இதயத் தசை தொய்ந்துபோகும் என்று 1987இலும் கண்டறிந்தார்கள். அக்ரஹாரத்துப் பூனை பகலில் தயிர் சாதமும் இரவில் எலியும் தின்று கணக்கை நேர் செய்துகொண்டது. ஷண்டிங்கால் எலி பிடிக்க முடியாது. பல்லியின் மேல் பாய்ந்தால் அரை அடி தள்ளி விழும். பல்லி பயந்து ஓடுவதுகூட இல்லை. ஆகவே அதற்கு நான் போடுவதைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. இதைச் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அது நம்மள மட்டுமே நம்பிண்டு இருக்கு" என்றார். மீனைப் பற்றி அதற்குப் பிறகு பேச்செடுக்கவில்லை.

மீனையும் பச்சையாகப் போடுவதில்லை. கெண்டை போன்ற சில மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். பச்சை மீனே தின்று வளரும் பூனைக்கு நாளடைவில் அந்த வைட்டமின் வற்றித் தலை கவிழ்ந்து தள்ளாட்டம் வரும். ஏற்கெனவே ஆடுகிற பூனைக்கு இன்னொரு ஆட்டம் எதற்கு? ஒரு கொதி விட்டால் நொதி செத்துவிடும்.

"இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?" என்று கேட்காத உறவினர் இல்லை. எலி பிடிக்காத பூனை எதற்கு என்கிறார்கள். இதே திருச்சிக்குப் பக்கத்தில் எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை யானைகளுக்கு மறுவாழ்வு மையம் வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் வயதான யானையைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. உருவம் பெரிதாக இருந்தால் மரியாதை தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

எதிர்வீட்டு சார் கேள்வி கேட்கிற ஜாதி இல்லை, செய்கிற ஜாதி. ஒரு நாள் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். 2020இல் கோயம்புத்தூரில் ஒரு பெண், பின்னங்கால்கள் முடங்கிய நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீரா என்று பெயர். இயந்திரப் பொறியாளரான அவருடைய அப்பா, வீட்டிலேயே அளவெடுத்து அதற்கு ஒரு சக்கர வண்டி செய்து பூட்டினார். வீரா தெருவில் ஓடுகிற காட்சி அப்போது நாடெங்கும் பரவியது. "நம்ம ஷண்டிங்குக்கும் ஒண்ணு போட்டுடலாம் தம்பி. பி.வி.சி. பைப்பு, ரெண்டு பொம்மைக்கார் சக்கரம். ரயில்வே சாமான் ஒண்ணும் இல்ல, கவலைப்படாதே" என்றார்.

அவருக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வீரா போன்ற நாய்க்குப் பின்பக்கம் கம்பி அறுந்திருக்கிறது, முன்பக்கம் பழுதில்லை. நிற்கிற நாயின் எடையில் அறுபது சதவீதத்தை முன்னங்கால்களே சுமக்கின்றன. மீதி நாற்பதைச் சக்கரத்தின் மேல் ஏற்றிவிட்டு, அச்சைச் சரியான இடத்தில் வைத்தால் முன்னங்கால்கள் இழுத்துக்கொண்டு போய்விடும். அச்சு முன்னால் தள்ளிவிட்டால் வண்டி பின்பக்கம் சாய்ந்து முன்னங்கால் பிடிப்பு இழக்கும், பின்னால் தள்ளிவிட்டால் தோளில் பாரம் ஏறும். "அது நம்ம வேலைதானே" என்றார். ஷண்டிங்குக்கோ நாலு கம்பியும் சரியாக இருக்கிறது, கோளாறு டிரைவரிடம். கடுமையாகப் பாதித்து நிற்கவே முடியாத பூனைகளுக்கு வண்டி உதவலாம். நடக்கிற பூனையை வண்டியில் பூட்டினால் அது தானாகக் கற்றுவைத்திருக்கிற சமாளிப்புகள் கெடும். விழப்போகிறோம் என்று தெரிந்ததும் ஷண்டிங் வேண்டுமென்றே உட்கார்ந்துவிடும். எதிரே இருக்கும் பந்துக்கு நேராகப் போகாமல் சுவரோரமாகச் சுற்றிப் போகும். சிறுமூளை செய்ய வேண்டியதை மூளையின் மற்ற பகுதிகள் கையெழுத்துச் சரியில்லாத குமாஸ்தா மாதிரி எப்படியோ எழுதி ஒப்பேற்றுகின்றன.

சார் யோசித்தார். மறுநாள் பழைய கதவுப் பலகையை இழைத்து, சாக்கு அறைந்து, கட்டிலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சரிவுப் பாதை செய்துகொண்டுவந்தார். இரண்டு ஓரமும் நாலு விரல் உயரத்துக்குத் தடுப்பு. "செக் ரெயில்" என்றார் தடுப்பைத் தட்டி. வளைவில் சக்கரம் தடம் புரளாமல் இருக்கத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போடுகிற கூடுதல் கம்பியைச் சொல்கிறார். முதல் மூன்று நாள் ஷண்டிங் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் விடியற்காலை என் கால்மாட்டில் கனமாக ஏதோ இருந்தது.

எங்கள் தெருவுக்கு மீன்காரர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வருவார். ரெண்டு தெரு தள்ளி, ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் திரும்பும்போதே ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார். எங்கள் வாசலுக்கு வந்து சேர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். பக்கத்து வீட்டு மஞ்சள் பூனை அவர் வண்டியை ஸ்டாண்ட் போடும் வரை மதிலில் படுத்திருந்துவிட்டு, ஒரே தாவில் வந்து காலைச் சுற்றும். ஷண்டிங் முதல் ஹாரனிலேயே சரிவில் இறங்கிவிடும். மிதியடி மேல் ஏறி, சுவரைப் பிடித்து, நாலு எட்டு முன்னால், ரெண்டு எட்டு பின்னால், நடுவில் ஒரு முறை உட்கார்ந்து. வண்டி வாசலில் நிற்கும்போது அதுவும் வலைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருக்கும். தலை ஆடிக்கொண்டிருக்கும். எதிர்த் திண்ணையிலிருந்து குரல் வரும்: "ரைட் டைம்."